கேளாமல் வந்த அப்டேட்: போனுக்குள் பார்ப்பது யார்?



சென்ற இதழில் ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்புவது பற்றி எழுதியிருந்தோம். அதன் இரண்டாம் பகுதி அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. கடந்த சில வாரங்களாக நம்மிடம் வருகிறவர்கள் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்பதில்லை. போனை நீட்டிக்கொண்டு, “ஐயா, இதுக்குள்ள ஒருத்தன் இருந்து பாக்குறானாமே, உண்மையா?” என்றுதான் கேட்கிறார்கள்.

லயத்துக்கு லயம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. நமக்கும் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். கூகுள் கொம்பனி எல்லாருடைய போனிலும் களவாக ஒரு உளவு ஆப்பைப் போட்டிருக்கிறதாம். அது நம் படங்களை எல்லாம் பார்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறதாம். இனி யாரும் போனை அப்டேட் செய்யக் கூடாதாம். இதைப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். இந்தச் செய்தி முழுப் பொய் என்றால் ஒரு வரியில் சொல்லி முடித்திருப்போம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அந்த உண்மையோடு பொய்யையும் பிசைந்து கொடுத்திருக்கிறார்கள். ஆகவேதான் பிரித்துப் பார்க்க ஒரு பாடமே வேண்டியிருக்கிறது.

அவசரமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் செய்தியைக் கேட்டுப் பயந்துபோன ஒரு தாய், அந்த உளவு ஆப்பை எடுத்துத் தரும்படி டவுனில் உள்ள ஒரு போன் கடையில் போனைக் கொடுத்தார். கடைக்காரர் லொக் திறக்கும் நம்பரைக் கேட்டு, ஒரு கடதாசித் துண்டில் எழுதி, போனின் பின்பக்கத்தில் ஒட்டி வைத்தார். போன் இரண்டு இரவு கடையில் கிடந்தது. அதற்குள்ளே மகள் பெரியபிள்ளையான சடங்கில் எடுத்த படங்கள் இருந்தன. தண்ணீர் ஊற்றும்போது வீட்டுப் பெண்கள் தங்களுக்கென்று எடுத்த படங்கள் அவை. ஒரு மாதம் கழித்து அதில் இரண்டு படம் பக்கத்து டிவிஷன் பையன் ஒருவனின் போனில் இருந்தது. கடையில்தான் போனது என்று நம்மால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை மூன்று வாரம் ஸ்கூலுக்குப் போகவில்லை. கூகுள் பார்க்கிறது என்று பயந்து, பார்க்கக் கூடாதவர் கையில் நாமே போனைத் திறந்து கொடுத்துவிட்டோம்.

இனி பாடத்துக்கு வருவோம். முதலில், அப்டேட் என்றால் என்ன? போன் என்பது கண்ணாடியும் இரும்பும் மட்டும் அல்ல. அதற்குள்ளே ஓடும் வேலைத்திட்டங்கள்தான் அதற்கு உயிர். அவற்றை எழுதியவர்கள் மனிதர்கள், ஆகவே பிழைகள் இருக்கும். பிழை தெரிய வரும்போது கொம்பனி திருத்தம் அனுப்புகிறது. கூரைத் தகரத்தில் ஓட்டை கண்டால் தார் பூசுகிறோம் அல்லவா, அது போல. ஆனால் தார் பூச வந்த ஆள் கூரையைத் திருத்திவிட்டு, போகும்போது காம்பராவுக்குள் ஒரு புதுப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனால்? பெட்டிக்குள் நல்ல சாமானே இருக்கலாம். ஆனாலும் “இது என்ன, யாரைக் கேட்டு வைத்தீங்க?” என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இன்றைய பிரச்சினை அந்தப் பெட்டியைப் பற்றியது.

அந்தப் பெட்டியின் பெயர் அண்ட்ரொய்ட் சிஸ்டம் சேஃப்டிகோர். ஆபாசப் படம் வந்தால் திறப்பதற்கு முன்னே மறைத்து எச்சரிக்கும் வசதி ஒன்று தன் மெசேஜஸ் ஆப்பில் வரப்போவதாக 2024 ஒக்டோபரில் கூகுள் அறிவித்தது. அண்ட்ரொய்ட் 9 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு உள்ள போன்களுக்கு, 2 ஜிபி நினைவகம் உள்ள மலிவு போன்களுக்கும் சேர்த்து, அது வரும் என்றார்கள். நம்மில் பெரும்பாலானோர் கையில் இருப்பது அந்த வகைப் போன்தான். அந்த வசதிக்குப் பின்னால் நின்று வேலை செய்வது சேஃப்டிகோர். அது 2024 கடைசியிலும் 2025 ஆரம்பத்திலும் உலகம் முழுக்கப் போன்களில் தானாக வந்து இறங்கியது. “போடட்டுமா?” என்று எந்தக் கேள்வியும் திரையில் வரவில்லை. மற்ற ஆப்புகளைப் போல அதற்கு ஒரு ஐகனும் இல்லை. செட்டிங்ஸுக்குள் தோண்டிப் பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். 2025 பெப்ரவரியில் இது பெரிய பேச்சானது. குரல் செய்தியில் உள்ள உண்மை இவ்வளவுதான்: கேளாமல் வைத்தார்கள்.

“வெளிநாட்டுக்கு அனுப்புது” என்பது வேறு விஷயம். கூகுள் சொன்ன விளக்கம் என்னவென்றால், படத்தைப் பார்த்து வகை பிரிக்கும் வேலை முழுவதும் போனுக்குள்ளேயே நடக்கிறது, ஏதாவது ஒரு ஆப் கேட்டால் மட்டும், அதுவும் அந்த வசதியைப் போட்டு வைத்திருந்தால் மட்டும் நடக்கிறது என்பதாகும். கொம்பனி தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கிராஃபீன்ஓஎஸ் என்று அண்ட்ரொய்டை வைத்தே தனியான பாதுகாப்பு மென்பொருள் செய்கிற ஒரு குழு இருக்கிறது. கூகுளைக் குறை சொல்லத் தயங்காதவர்கள். அவர்களும், இது நம் படங்களைப் பற்றி கூகுளுக்கோ வேறு எவருக்கோ முறைப்பாடு அனுப்பும் வேலை செய்யவில்லை என்றுதான் சொன்னார்கள். இதன் உட்புற எழுத்து வெளியார் பார்க்கும்படி திறந்து வைக்கப்படவில்லை என்ற குறையையும் சேர்த்துச் சொன்னார்கள். நமக்கும் அந்தக் குறை உண்டு. தராசு சரி என்று கணக்கப்பிள்ளை சொன்னால் போதாது, தராசு முள்ளை நாமும் பார்க்க வேண்டும்.

ஒரு போன் எப்படிப் படத்தைப் ‘பார்க்கிறது’ என்று பலருக்கும் புரியவில்லை. இதில் இரண்டு விதம் இருக்கிறது. நம் மலையிலேயே இரண்டுக்கும் உதாரணம் உண்டு.

ஒன்று செக்ரோல் பார்ப்பது போன்றது. பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கிறவர் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அது போல, சிறுபிள்ளைகளைத் துன்புறுத்தி எடுத்த படங்கள் என்று ஏற்கனவே பொலிஸாருக்குத் தெரிந்த படங்கள் ஒவ்வொன்றுக்கும் கைநாட்டு மாதிரி ஒரு எண்ணை உண்டாக்கி, பட்டியலாக வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் படத்தின் எண் அந்தப் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போனால் பிடிபடும். மைக்ரோசொப்ட் கொம்பனி 2009இல் ஒரு பேராசிரியரின் உதவியோடு செய்த போட்டோடிஎன்ஏ இந்த வகை. பட்டியலில் இல்லாத படத்தை இது கண்டுகொள்ளாது.

மற்றது கொழுந்து பார்க்கும் கண். புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைக்கு முதல் கிழமை எது கொழுந்து, எது முற்றின இலை என்று விளங்காது. ஆயிரம் தரம் கை வைத்த பிறகு பார்க்காமலே விரல் சொல்லும். இப்போது கம்பியூட்டருக்கும் அப்படித்தான் பழக்குகிறார்கள். ஏராளமான படங்களைக் காட்டி, இது உடுப்பில்லாத உடம்பு, இது இல்லை என்று பழக்கிவிடுகிறார்கள். பிறகு முன்பின் பார்க்காத படத்தைக் காட்டினாலும் இது அந்த வகையாக இருக்கலாம் என்று அது மதிப்பிடும். சேஃப்டிகோர் இந்த வகை. இந்தக் கண்ணுக்குப் பிழையும் விடும். தொட்டியில் குளிக்கும் குழந்தையையும் கெட்ட படத்தையும் அம்மா பிரித்தறிவாள், மெஷின் எப்போதும் பிரித்தறியாது.

பிழை விட்டால் என்ன நடக்கும்? போனுக்குள்ளேயே இருந்து படத்தை மங்கலாக்கிக் காட்டினால் பெரிய நட்டம் இல்லை. ‘பார்’ என்று அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்கும் கண் கொம்பனியின் கம்பியூட்டரில் இருந்து, அது பொலிஸுக்கு அறிவிக்கவும் செய்தால் கதை வேறு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2021 பெப்ரவரியில் அப்படி ஒன்று நடந்தது. ஒரு தகப்பனின் சின்ன மகனுக்கு மறைவிடத்தில் வீக்கம். கொரோனா காலம் என்பதால் நேரில் வர முடியாது, படம் அனுப்புங்கள் என்று டொக்டரின் தாதி சொன்னார். தகப்பன் அண்ட்ரொய்ட் போனில் படம் எடுத்தார். டொக்டர் பார்த்து மருந்து கொடுத்தார், பிள்ளைக்குச் சுகமாயிற்று. ஆனால் அவர் எடுத்த படம் தானாகவே கூகுளின் சேமிப்புக்கும் போய்விட்டது. அங்கே இருந்த மெஷின் கண் அதைச் சிறுவர் துஷ்பிரயோகப் படம் என்று குறித்தது. இரண்டு நாளில் அவருடைய கூகுள் கணக்கு மூடப்பட்டது. ஈமெயில் போனது, பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் போயின, போன் நம்பரும் கூகுளிடம் வாங்கியது என்பதால் அதுவும் போனது. பொலிஸ் விசாரித்து, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று கோப்பை மூடியது. அதைச் சொல்லியும் கூகுள் கணக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இதை 2022 ஒகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளியே கொண்டு வந்தது. ஹூஸ்டன் நகரில் இன்னொரு தகப்பனுக்கும் இதே மாதிரி நடந்திருந்தது.

இந்தச் சம்பவத்துக்கும் சேஃப்டிகோருக்கும் தொடர்பில்லை என்பதைக் கவனிக்கவும். அது போனுக்கு வெளியே, கொம்பனியின் சேமிப்பில் நடந்தது. நாம் ஏன் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், நம் தாய்மாரும் இன்று குடும்பநல மாதுவுக்குப் படம் அனுப்புகிறார்கள். பிள்ளைக்குச் சொறி, கொப்பளம், தொடை இடுக்கில் புண் என்று படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறார்கள். மழை நாளில் ஆஸ்பத்திரிக்கு ஐந்து மைல் நடக்கிறதை விட அது நல்லதுதான், நாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கூகுள் போட்டோஸ் ஆப்பில் ‘பெக்கப்’ போட்டிருந்தால், கெமராவில் எடுத்த படம் எல்லாம் தானாக மேலே போய்விடும். அந்த ஆப்பைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் நம் வட்டப் படத்தைத் தொட்டால் பெக்கப் போட்டிருக்கிறதா, நிறுத்தியிருக்கிறதா என்று காட்டும். இப்படியான படம் எடுப்பதற்கு முன் நிறுத்திவிட்டு, அனுப்பி, டொக்டர் பார்த்த பிறகு அழித்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அப்பிள் கொம்பனியின் கதை. ஐபோன் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. ஆனாலும் போனுக்குள்ளே வந்து தேடலாமா என்ற கேள்வி உலகத்தில் பெரிதாக எழுந்தது அங்கேதான். 2021 ஒகஸ்ட் 5ஆம் திகதி அப்பிள் ஒரு திட்டத்தை அறிவித்தது. அமெரிக்காவில் ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்கள் படத்தை அப்பிளின் சேமிப்புக்கு அனுப்பும்போது, அனுப்புவதற்கு முன் போனே அந்தப் படத்தின் கைநாட்டு எண்ணைச் செக்ரோலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஏறக்குறைய 30 படம் ஒத்துப்போனால் கொம்பனி ஆட்கள் பார்ப்பார்கள், பிறகு சிறுவர் பாதுகாப்பு நிலையத்துக்கு அறிவிப்பார்கள். ஒரு கணக்கைப் பிழையாகப் பிடிக்கும் வாய்ப்பு வருடத்துக்கு ஒரு இலட்சம் கோடியில் ஒன்றுதான் என்றும் கொம்பனி சொன்னது.

நோக்கம் நல்லது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் எதிர்ப்பு கிளம்பியது. ஸ்டோர் வாசலில் காவல்காரன் பையைச் சோதிக்கிறான், அது நமக்குப் பழகின விஷயம். அதே காவல்காரன் லயத்துக்கு வந்து, நம் காம்பராவிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “நீங்க வாசலுக்குக் கொண்டு வரப்போற சாமானை இங்கேயே பாத்துடுறேன்” என்றால் எப்படி? இன்றைக்கு ஒரு பட்டியல். நாளைக்கு ஒரு அரசாங்கம் வந்து, அந்தப் பட்டியலில் சங்கத்துத் துண்டுப் பிரசுரத்தையும் சேர், ஆர்ப்பாட்டப் படத்தையும் சேர் என்று கொம்பனியை நெருக்கினால் என்ன செய்வது என்று கேட்டார்கள். அப்படி நெருக்கினால் மறுப்போம் என்றது அப்பிள். மறுக்கும் பலம் எல்லா நாட்டிலும் அதற்கு இருக்குமா என்று திருப்பிக் கேட்டார்கள். 90க்கும் மேற்பட்ட மனித உரிமை அமைப்புகள் சேர்ந்து அந்த ஒகஸ்ட் மாதமே கடிதம் எழுதின.

அதோடு இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. கைநாட்டு எண் உண்டாக்கும் அந்த வேலைத்திட்டத்தின் ஒரு முந்திய வடிவம், 2020 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 14.3 அப்டேட்டிலேயே போன்களுக்குள் இருந்தது. அறிவிப்பதற்கு எட்டு மாதம் முன்பே! அது அப்போது எதையும் தேடவில்லை, சும்மாதான் கிடந்தது. ஆனால் கிடந்தது. தோண்டி எடுத்த ஆட்கள் சில நாட்களிலேயே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு படத்துக்கு ஒரே எண் வரும்படியும் செய்து காட்டிவிட்டார்கள். இறுதி வடிவம் இதுவல்ல என்றது அப்பிள். 2021 செப்டெம்பர் 3ஆம் திகதி திட்டத்தைத் தள்ளிப் போட்டது. 2022 டிசம்பரில் முழுதாகவே கைவிட்டது. அடுத்த வருடம் ஒரு சிறுவர் பாதுகாப்புக் குழு ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்டபோது, இப்படி ஒரு வழியைத் திறந்துவிட்டால் அது எல்லாரையும் மொத்தமாக வேவு பார்ப்பதில் போய் முடியலாம் என்று அந்தக் கொம்பனியே பதில் எழுதியது. முதலில் மற்றவர்கள் சொன்னதும் இதுதானே.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய கதை அல்ல. நம் தாத்தா பாட்டி காலத்தில் லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்துப் பெயருக்கு வரும். தப்பால்காரர் பையில் ஆபிஸுக்குப் போய், அங்கே பிரித்து வைத்து, பிறகுதான் நம் கைக்கு வரும். எத்தனை வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி முடிந்த பிறகு வந்து சேர்ந்தது, எத்தனை கடிதம் உறை கிழிந்து வந்தது என்று கேட்டால் மூத்தவர்கள் சொல்வார்கள். “என்ன சுப்பையா, மகனுக்குக் கலியாணம் பேசுறியாமே” என்று கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே கேட்ட ஆட்கள் உண்டு. கெட்ட எண்ணத்தோடு எல்லாரும் பிரித்தார்கள் என்று சொல்லவில்லை. நம் கடிதம் இன்னொருவர் மேசை மேல் இருக்கும்வரை அவர் பார்க்கலாம் என்பதுதான் விஷயம். தனி விலாசம் கேட்டு நம் மக்கள் எவ்வளவு காலம் போராடுகிறார்கள்! சில தோட்டங்களில் அந்தப் போராட்டம் இன்றும் முடியவில்லை.

ஆகவே “எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, பாத்தா பாத்துட்டுப் போகட்டும்” என்று சிலர் சொல்லும்போது நமக்குச் சம்மதமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிற இடத்தில் வளர்ந்தவர்கள் நாம். மறைவு என்பது குற்றம் செய்தவனுக்கு மட்டும் வேண்டிய சாமான் அல்ல என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

சொல்லாமல் செய்வதில் கொம்பனிகளுக்கு உள்ள பழக்கத்துக்கு இன்னொரு உதாரணத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 2017 ஆரம்பத்தில் அப்பிள் அனுப்பிய ஒரு அப்டேட், பேட்டரி பழுதான பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று அந்த வருடக் கடைசியில்தான் ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் பலர் போன் பழசாகிவிட்டது என்று புதியது வாங்கிவிட்டார்கள். 2020 பெப்ரவரியில் பிரான்ஸ் நாடு 250 இலட்சம் யூரோ அபராதம் போட்டது. வாங்கியவர்களுக்கு அறிவிக்காமல் விட்டதற்காகத்தான் அந்த அபராதம். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் நம் லயத்து வாசலுக்கு வந்து சேர நேரம் எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

அப்படியானால் குரல் செய்தி சொன்னபடி அப்டேட்டை நிறுத்திவிடலாமா? வேண்டவே வேண்டாம். 2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை என்ற கிருமி உலகத்தில் 150 நாடுகளுக்கு மேல் கம்பியூட்டர்களைப் பூட்டி, பணம் கட்டினால்தான் திறப்பேன் என்றது. பிரித்தானியாவில் அரச ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய 19,000 நோயாளர்களின் பதிவுகள் ரத்தாகின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் இரண்டு மாதத்துக்கு முன், மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட கம்பியூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டின. போனிலும் அப்படித்தான். இன்று சம்பளம் பேங்க்குக்குப் போகிறது, பேங்க் போனுக்குள் இருக்கிறது. கூரை ஓட்டையை அடைக்காமல் விட்டுவிட்டு, பெட்டி வைத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தால் மழை உள்ளேதான் வரும்.

நம் அபிப்பிராயம் இது: அப்டேட்டைப் போடுங்கள், பிறகு என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போனால் பாதுகாப்பு அப்டேட் எந்தத் திகதியில் வந்தது என்று இருக்கும். அது இரண்டு மூன்று வருடம் பழசாக இருந்தால், அந்தப் போனுக்குக் கொம்பனி இனித் திருத்தம் அனுப்புவதில்லை என்று அனேகமாக நினைத்துக்கொள்ளலாம். அந்தப் போனில் பேங்க் வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. டேட்டா கார்ட்டுக் காசு போகிறதே என்று கவலைப்படுபவர்கள், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஆப்புகளை வைஃபையில் மட்டும் அப்டேட் செய்யும்படி மாற்றி வைக்கலாம். 100 ரூபாய்க்கு ரீலோட் போட்டு, அதில் பாதியைக் கேளாத அப்டேட் தின்றுவிட்டது என்ற முறைப்பாடு நமக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

சேஃப்டிகோரைப் பார்க்க விரும்புகிறவர்கள் செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற இடத்துக்குப் போய், எல்லா ஆப்ஸையும் காட்டச் சொல்லி, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு சிஸ்டம் ஆப்ஸையும் காட்டச் சொன்னால் பட்டியலில் வரும். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். அதைத் தொட்டால் அகற்றவும் முடியும். அகற்றினால் போன் கெட்டுப்போகாது, அந்த எச்சரிக்கை வசதி மட்டும் வேலை செய்யாது. பிறகு வரும் அப்டேட்டில் மறுபடி வந்து உட்காரக்கூடும். வைத்திருந்தாலும், பெரியவர்களின் போனில் அந்த எச்சரிக்கை நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். கூகுள் மெசேஜஸ் ஆப்பின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் அதற்கான பட்டன் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கணக்கில் அது தானாகவே போட்டிருக்கும். இந்த எச்சரிக்கை மெசேஜஸ் ஆப்புக்கு உரியது. வட்ஸ்அப்பில் வரும் படத்தை இது தடுக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

வட்ஸ்அப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். 2016 முதல் அதில் அனுப்பும் செய்தியும் படமும் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டுமே திறக்கும்படி பூட்டப்படுகின்றன. ஆனால் அந்த அரட்டையை கூகுள் சேமிப்பில் பெக்கப் எடுத்து வைத்தால், அந்தப் பிரதிக்கு அதே பூட்டு இல்லை. பெக்கப்புக்கும் பூட்டுப் போடும் வசதி 2021 கடைசியில் வந்தது, அதை நாமாகப் போட வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது, ஆகவே எழுதி சேலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், போனின் முதுகில் ஒட்ட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. “உளவு ஆப்பை அழிக்கும் ஆப்” என்று வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். பெயர் முடிவில் ஏ.பி.கே. என்று இருக்கும். உண்மையான அப்டேட் செட்டிங்ஸ் வழியாகவோ பிளே ஸ்டோர் வழியாகவோ வரும், மச்சான் அனுப்பிய வட்ஸ்அப்பில் வராது. சேஃப்டிகோர் நம் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. அதை அழிக்க வந்தேன் என்று சொல்கிற ஆப் அனுப்பலாம், பேங்கிலிருந்து வரும் நம்பரையும் சேர்த்து.

போனைத் திருத்தக் கொடுக்க வேண்டி வந்தால் கூடிய மட்டும் பக்கத்திலேயே இருந்து திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். வைத்துவிட்டு வர வேண்டும் என்றால் வீட்டுப் படங்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். திரை மாற்றுகிற வேலைக்கு லொக் நம்பர் பெரும்பாலும் தேவையில்லை. பிள்ளைகளின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்க வேண்டாம். 1929 என்ற இலக்கம் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது, எந்த நேரமும் எடுக்கலாம். நம்மிடம் வந்தாலும் நாமே பேசித் தருவோம். மேலே சொன்ன பிள்ளை இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள்.

போன கிழமை பிள்ளைக் காம்பராவில் வைத்து இவ்வளவையும் விளக்கிய பிறகு ஒரு அக்கா எழுந்து, “அப்ப அதை வச்சுக்கவா, எடுத்துடவா? ஒரே பேச்சாச் சொல்லுங்க ஐயா” என்றார். அவரது புருஷன் கொழும்பில் வேலை, பதின்மூன்று வயது மகன்தான் அவர் போனை அதிகம் நோண்டுகிறவன். அவர் வைத்துக்கொள்வது நல்லது, அந்த எச்சரிக்கையையும் போட்டுவிடுவது நல்லது என்று சொன்னோம், போட்டும் கொடுத்தோம். பக்கத்தில் இருந்த, பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர், கேளாமல் வந்த சாமான் தன் போனில் இருக்கக் கூடாது என்று அங்கேயே அகற்றிவிட்டார். நேற்று மறுபடி வந்தார். அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. “வரட்டும் ஐயா, வர வர எடுப்பேன்” என்று தானே அழுத்தி அகற்றிவிட்டுப் போனார். இருவர் செய்ததிலும் பிழையில்லை.

புதன்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்த பிறகு, போனைக் கொண்டு நம் அலுவலகத்துக்கு வரலாம். லொக் நம்பரை நமக்கும் சொல்ல வேண்டாம். நீங்களே திறந்து, உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எங்கே தொட வேண்டும் என்று மட்டும் நாம் காட்டுகிறோம். வரும்போது சேமலாப நிதி அட்டையையும் எடுத்து வாருங்கள். அடுத்த இதழில் அந்தப் பாடம்.